இருநூறு ஃப்ராங்க் கழுத்து

ஏழு வருடத்தில் தெயோதுல் கார்ரிகுவுக்கு, அவர் படம் போட இருக்கும் புது நோட்டில், வங்கியின் நோட்டுக் குழு செய்ததையெல்லாம் அவர் பார்க்க நேர்ந்திருந்தால், நல்ல வேளை முன்னாடியே போய்ச் சேர்ந்தோம் என்று நினைத்திருப்பார். முதல் வருடம் அவர் கழுத்தில் ஒரு கம்பளித் துண்டைச் சுற்றினார்கள். மறு வருடம் துண்டு ஏழைத்தனமாக இருக்கிறதென்று எடுத்துவிட்டு, காது வரைக்கும் எழும்பும் காலரை மாட்டினார்கள். காலரோடு பார்த்தால் பாதிரியார் மாதிரி இருக்கிறதே, குடியரசின் நோட்டில் பாதிரியார் வரலாமா என்று மூன்றாம் வருடம் ஒருவர் கேட்டார். ஆகவே தாடி. வாழ்நாளில் ஒரு நாள் கூடத் தாடி வைத்திராத மனிதருக்கு, செத்துத் தொண்ணூறு வருடம் கழித்து மார்பு வரை தாடி முளைத்தது. அந்தத் தாடி தெருவில் கல்லெறிகிற மாணவர்களின் தாடி போல இருப்பதாக ஐந்தாம் வருடம் தெரியவந்ததால், அதைச் செதுக்கிச் சீவி நடுவில் வகிடும் எடுத்தாயிற்று. ஆறாம் வருடம் மூக்கில் கைவைத்தார்கள். இப்போது 1974. நோட்டில் இருப்பவர் எந்த ஊர் செனட்டர் என்று யாராவது கேட்டால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இத்தனையையும் வரைந்தவர் மார்சியால் துப்ரெய். வயது ஐம்பத்தொன்பது. வங்கிக்கு ஏற்கனவே இரண்டு நோட்டுகள் வரைந்தவர். கழுத்தை மூடு என்றபோது "நல்லதுங்க" என்றார். காலரை ஏற்று என்றபோதும் "நல்லதுங்க". வீட்டுக்குப் போய்த் தூரிகையைக் கழுவுகிறபோதுதான் கோபம் வரும். அந்த நேரத்தில் கோபப்பட எதிரில் தண்ணீர்க் குவளை தவிர யாரும் இருக்கமாட்டார்கள்.

கழுத்துதான் விஷயம். கார்ரிகு லோசேர் மலைப்பக்கத்து மருந்துக்கடைக்காரர். அந்த மலைக் கிராமங்களில் ஆண் பெண் எல்லாருக்கும் கழுத்தில் கழலை வரும். பாவத்தின் சம்பளம் என்றார் பாதிரியார், பரம்பரைச் சாபம் என்றார் மேயர். தண்ணீரில்தான் ஏதோ குறைகிறது என்று சொன்னவர் கார்ரிகு ஒருவர். சொன்னதோடு நிற்கவில்லை. கழலைக்குப் பேர்போன ஒரு கிராமத்துக்குக் குடிபோய், அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரை மட்டும் மூன்று வருடம் குடித்து, தன் கழுத்திலேயே ஒரு கழலையை வளர்த்துக் காட்டினார். பிறகு கடற்பாசிச் சாம்பலைத் தின்று அதில் பாதியைக் கரைத்தும் காட்டினார். மீதிப் பாதி சாகும்வரை அவரோடு இருந்தது. அவருடைய ஒரே புகைப்படத்தில் காலரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வலப்பக்கம் புடைத்த கழுத்தைக் கேமராவுக்குத் திருப்பிக் காட்டியபடி, களைத்துப்போன முகத்தோடு உட்கார்ந்திருப்பார். அந்த ஆளுக்கு ஆராய்ச்சிக்கூடம் என்று தனியாக எதுவும் கிடையாது, கழுத்துதான் ஆராய்ச்சிக்கூடம்.

மார்சியால் பிறந்தது மோரியென் பள்ளத்தாக்கில். அவருடைய அம்மாவுக்கும் கழலை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அகலமான கறுப்பு வெல்வெட் பட்டையால் அதைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவாள். யாராவது உற்றுப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வாள். கடைசிவரை பட்டை இல்லாமல் ஒரு படத்துக்கு அவள் நின்றதில்லை. கார்ரிகுவின் புகைப்படத்தை வங்கியில் கொண்டுவந்து காட்டியபோது, மார்சியால் ஊதியம் என்ன என்று கூடக் கேட்காமல் ஒப்புக்கொண்டதற்கு அதுதான் காரணம். பிரான்சில் ஒவ்வொரு சட்டைப்பையிலும் அந்தக் கழுத்து திறந்தபடி இருக்கவேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஏழு வருடத்தில் அவருக்குக் கிடைக்காததும் அது ஒன்றுதான்.

நடுவில் ஒரு தடவை துணைதேடியும் பார்த்தார். கார்ரிகுவின் தம்பி வழியில் ஒரு பேத்தி இன்னும் அந்த மலையிலேயே இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும் மாறிப் போனார். வாரிசு ஒரு வார்த்தை சொன்னால் குழு மறுக்க முடியாது என்ற கணக்கு. அந்தப் பேத்தி, மத்மசேல் கார்ரிகு, அங்கே ஒரு ஓட்டல் நடத்திவந்தாள். ஊற்றுநீர்க் குளியல், ஊற்றுநீர் வைத்தியம், பாட்டிலில் அடைத்த ஊற்றுநீர். முதல் ஓவியத்தையும் தாடி வைத்த ஓவியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"நீங்க நல்லாத்தான் வரைஞ்சிருக்கீங்க, முசியே. ஆனா எங்க ஊர்த் தண்ணியக் குடிச்சா கழுத்து இப்படி ஆயிடும்னு அரசாங்கமே அச்சடிச்சு வீடுவீடாக் குடுக்கணுமா? தாடிய இன்னும் கொஞ்சம் நீளமா விடச் சொல்லுங்க."

கிளம்பும்போது ஒரு பாட்டில் தண்ணீரும் கொடுத்தாள். மார்சியால் அதை ரயிலில் குடிக்காமல் வைத்திருந்து, பாரிசில் இறங்கியதும் நடைமேடைக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

அக்டோபர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், ஏழாவது ஓவியத்தைத் தட்டையான தோல் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு, வங்கிக்கு எதிரேயுள்ள காப்பிக்கடைக்குப் போய்ச் சேர்ந்தார் மார்சியால். காலை ஒன்பதரை. செதுக்குநர் யூகெத் ப்ராலோங் அவருக்காகக் காத்திருந்தாள். ஓவியர் வரைந்ததை எஃகுத் தகட்டில் கோடு கோடாக வெட்டுவது அவள் வேலை. இருவரும் சேர்ந்து இருபது வருடமாக நோட்டு செய்கிறார்கள். அதனால் ஒருவரையொருவர் மரியாதையாகப் பேசவேண்டிய அவசியம் தீர்ந்துபோயிருந்தது.

"என்னப்பா, மூஞ்சி இவ்வளவு தொங்கிப்போயிருக்கு. கார்ரிகுவுக்குப் பதிலா உன்னையே வெச்சு வரைஞ்சிடலாம் போல."

"எனக்கும் தாடி ஒட்டுவாங்க."

"உக்காரு. நேத்து ஓவெர்ன் காகித ஆலைலருந்து எனக்கு ஒரு தாள் அனுப்பியிருக்காங்க. மை ஏறுதான்னு பாக்கறதுக்கு. இதப் பாரு."

கோப்புக்குள்ளிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். தாளுக்குள் வாட்டர்மார்க் நிழலாக எழுந்தது. குழி விழுந்த கன்னம், களைத்த கண், திறந்த சட்டை. வலப்பக்கம் புடைத்த கழுத்து. தாடியும் இல்லை, காலரும் இல்லை.

மார்சியால் தாளின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். "இது என்னோட முதல் படம்," என்றார்.

"உன் முதல் படம்தான். வாட்டர்மார்க் அச்சு செய்யவே ஒன்றரை வருஷம் ஆகும்னு அவங்க அப்பவே உன் ஸ்கெட்ச வாங்கிட்டுப் போயிட்டாங்க. குழு துண்டைச் சுத்தறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே கையெழுத்தாயிருக்கு. அப்புறம் இங்க நடந்த கூத்து எதையும் யாரும் ஆலைக்குச் சொல்லவே இல்ல. அவங்க பாட்டுக்குக் காகிதம் செஞ்சுக்கிட்டே இருந்திருக்காங்க."

"எவ்வளவு?"

"நாலு வருஷத்துக்குத் தேவையானது. கிடங்குல கூரை வரைக்கும் அடுக்கி வெச்சிருக்காம்."

"குழுவுல யாரும் இதப் பாத்ததே இல்லையா?"

"வெளிச்சத்துல தூக்கிப் பிடிக்கணும்னா கையத் தூக்கணும்ல. அந்த மேஜைல ஓட்டுப் போடறப்ப மட்டும்தான் கையத் தூக்குவாங்க." யூகெத் தாளை அவர் பெட்டிக்குள் தள்ளினாள். "எடுத்துட்டுப் போ. அச்சுல தாடி, தாளுக்குள்ள கழலைன்னா எந்த ரொட்டிக்கடைக்காரன் இத வாங்குவான்? கள்ள நோட்டுன்னு போலீஸக் கூப்பிடுவான். ரெண்டுல ஒண்ண மாத்தியே ஆகணும். இந்தத் தடவையாவது வாயத் தொறந்து பேசு. ரெண்டு வருஷமா ஒரு பிரசங்கம் தயார் பண்ணி வெச்சிருக்கியே, அத எடுத்து விடு."

உண்மைதான். விஞ்ஞானம் என்பது உண்மையை மறைப்பதல்ல என்று தொடங்கும் அந்தப் பிரசங்கத்தை மார்சியால் குளியலறையில் பலமுறை நிகழ்த்தியிருக்கிறார். அங்கே அது மிகவும் எடுபட்டது.

குழு கூடியிருந்த அறையில் பச்சைக் கம்பளி விரித்த நீள மேஜை. தலைப்பக்கம் வங்கியின் துணை ஆளுநர் த மோன்லோர். அவர் எதையும் பார்ப்பதற்கு முன்பு கண்ணாடியைக் கழற்றுவார். பார்த்து முடித்ததும் மாட்டிக்கொள்வார். வலப்பக்கம் விஞ்ஞானக் கழகத்தின் சார்பாகப் பேராசிரியர் போன்ஃபிஸ். விஞ்ஞானம் நோட்டில் நோய்வாய்ப்பட்டுத் தெரியக்கூடாது என்று முதல் வருடமே சொன்னவர் அவர்தான். இடப்பக்கம் எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிற செயலர் கெருவெல். மற்ற நான்கு பேரும் ஏழு வருடமாக என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். ஓவியருக்கு நாற்காலி போடும் வழக்கம் இல்லை. அவர் ஓவியத்தை மரத்தாங்கியில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் நிற்பார்.

மோன்லோர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இப்பத்தான் ஒரு கம்பீரம் வந்திருக்கு. பேராசிரியர் என்ன சொல்றீங்க?"

"வந்திருக்கு. நெத்தி மட்டும் இன்னும் ஒரு விரல்கடை ஏறலாம். கண்டுபிடிச்ச நெத்தியாத் தெரியணும் பாருங்க."

"எழுதிக்குங்க கெருவெல். நெத்தி, ஒரு விரல்கடை."

மார்சியால் பெட்டியைத் திறந்து தாளை எடுத்தார். ஜன்னலுக்குப் போய்க் கண்ணாடியில் அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தார். வெளியே அக்டோபர் வெயில் நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது.

ஏழு பேரும் பார்த்தார்கள். மோன்லோர் கண்ணாடியை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"யார் இந்த ஆளு?"

"கார்ரிகுங்க. நம்ம வாட்டர்மார்க்."

"இத யாரு அனுமதிச்சது?"

கெருவெல் ஒரு பழைய பதிவேட்டைப் புரட்டினார். அவருக்குப் பக்கம் ஏற்கனவே தெரியும் என்பது விரல் போன வேகத்திலேயே தெரிந்தது. "நீங்கதாங்க. அறுபத்தேழு மார்ச். ஆறாம் பக்கம்."

"நான் பாக்கவே இல்லையே."

"கையெழுத்து இருக்குங்க."

"கையெழுத்து வேற, பாக்கறது வேற," என்றார் மோன்லோர். அது ஒரு பெரிய நிர்வாக உண்மை என்பதால் யாரும் மறுக்கவில்லை.

மார்சியால் ரொட்டிக்கடைக்காரர் விஷயத்தைச் சொன்னார். இரண்டே வரி. பிரசங்கத்தின் தொடக்கம் நினைவுக்கு வரவில்லை. விஞ்ஞானம் என்று தொடங்கும் என்பது மட்டும் தெரிந்தது. அதற்கப்புறம் தலைக்குள் வெறும் பஞ்சுதான் இருந்தது. காலையில் நான்கு மணிக்கு எழுந்து தாடியின் வகிட்டுக்கு வெளிச்சம் கொடுத்திருந்தார். கால் வலித்தது.

"காகிதத்த மாத்திட்டா?" என்றார் ஒருவர்.

"நாலு வருஷக் காகிதங்க," என்றார் கெருவெல். "பாராளுமன்றத்துல கேள்வி வரும். ஏன் செஞ்சீங்கன்னு கேக்க மாட்டாங்க, ஏன் பாக்கலன்னுதான் கேப்பாங்க."

எல்லாரும் மோன்லோரைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள்.

"அப்ப ஆள மாத்திடலாமே," என்றார் பேராசிரியர் போன்ஃபிஸ். "காகிதம் இருக்கட்டும். இந்த மாதிரிக் கழுத்து இருந்த வேற யாராவது பெரிய மனுஷன் நம்ம வரலாத்துல இல்லாமலா போயிடுவான்?"

கால் மணி நேரம் பிரான்சின் வரலாற்றைக் கழுத்து வழியாகத் தேடினார்கள். தடித்த கழுத்துள்ள ஒரு தளபதி அகப்பட்டார். ஆனால் போரில் தோற்றவர். ஒரு பிஷப் இருந்தார், பிஷப் கூடாது. ஒரு கவிஞரின் பெயரை யாரோ முணுமுணுத்தார்கள்.

"கவிஞனுக்கு எதுக்கு இருநூறு ஃப்ராங்க்?" என்றார் மோன்லோர்.

தேடல் அதோடு முடிந்தது. மிச்சமிருந்தது ஒரே வழி. அதை முதலில் வாயால் சொல்கிறவர் யார் என்பதற்காக அனைவரும் காத்திருந்தார்கள். கடைசியில் போன்ஃபிஸ்தான் தொண்டையைச் செருமினார்.

"வீக்கத்தக் கொண்டுவந்துதான் ஆகணும்னா, அளவோட கொண்டுவரலாம். நாசூக்கா."

"அளவோடன்னா?"

"படத்துல இருக்கறது பெரிய ஆப்பிள் அளவு. ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு இருக்கலாமே."

"எலுமிச்சையே ஜாஸ்தி," என்றார் மோன்லோர். "ஒரு வால்நட். கழுத்த லேசாத் திருப்புனா வர்ற மடிப்பு மாதிரி. பாக்கறவங்களுக்குச் சந்தேகம் வரணும், உறுதியாயிடக்கூடாது."

"வாட்டர்மார்க்ல ஆப்பிள் இருக்கேங்க," என்றார் கெருவெல்.

"எலுமிச்சைக்கும் வால்நட்டுக்கும் நடுவுல ஏதாவது?"

"ஆப்ரிக்காட்," என்றார் ஏழு வருடமாக வாய் திறக்காத ஒருவர். தன் குரலைக் கேட்டு அவரே திடுக்கிட்டார்.

மார்சியாலுக்குத் தெரியும், இப்போதுதான் பேசவேண்டும். அம்மாவின் வெல்வெட் பட்டையைப் பற்றிச் சொல்லலாம். மூன்று வருடம் கிணற்றுத் தண்ணீர் குடித்த மனிதரைப் பற்றிச் சொல்லலாம். ஆப்பிளை ஆப்ரிக்காட் ஆக்கினால் கடற்பாசிச் சாம்பல் எதைக் கரைத்ததாக ஆகும் என்று ஒரு கேள்வி கேட்டால் கூடப் போதும். வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. மேஜையருகே, அன்று வராத ஒரு உறுப்பினரின் நாற்காலி காலியாக இருந்தது. மார்சியால் போய் அதில் உட்கார்ந்தார்.

யாரும் அப்படிச் செய்ததில்லை. அந்த அறையில் எந்த ஓவியரும் உட்கார்ந்த பதிவு கெருவெலிடம் கிடையாது.

"முசியே துப்ரெய்," என்றார் மோன்லோர், "ஆப்ரிக்காட் உங்களுக்குச் சம்மதம்தானே?"

மார்சியால் கம்பளியில் இருந்த ஒரு பழைய மைக்கறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லதுங்க" என்று சொல்ல வேண்டும். இருபது வருடப் பழக்கத்தில் அது தானாக வந்திருக்க வேண்டும். அதைச் சொல்லக் கூட அவரிடம் தெம்பில்லை.

"அப்ப எலுமிச்சை?"

கறை ஒரு மீனைப் போல இருந்தது. வாலும் இருந்தது.

கதவு திறந்தது. வெள்ளைக் கையுறை போட்ட சேவகர் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். பன்னிரண்டரை. வியாழக்கிழமைகளில் குழுவுக்கு மதியச் சாப்பாடு கன்றுத்தலைக் கறி. அதை ஆறவிட்டால் சமையல்காரர் மறுவாரம் பழிவாங்குவார். ஒரு முறை வாங்கியும் இருக்கிறார். குழு பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு மேல் கூடியிருந்ததாக வரலாறே கிடையாது. ஒரு போர் தொடங்கிய அன்றைக்குக் கூட இந்தக் கட்டடத்தில் சாப்பாடு நேரத்துக்குத்தான் நடந்தது.

"முசியே துப்ரெய், நாங்க உங்க பதிலுக்காகக் காத்திருக்கோம்."

சேவகர் இருமினார். போன்ஃபிஸ் துணை ஆளுநர் பக்கம் சாய்ந்து காதில் சொன்னது அறை முழுவதற்கும் கேட்டது. "எனக்கு இந்த மௌனம் பிடிக்கல. இவன் பத்திரிகைக்குப் போவான் போலிருக்கு. வாட்டர்மார்க், கையெழுத்து, ஆறாம் பக்கம் எல்லாத்தோடயும்."

மோன்லோர் மார்சியாலின் முகத்தை உற்றுப் பார்த்தார். அங்கே அவர் கண்டது அசைக்க முடியாத உறுதி. உண்மையில் அங்கே இருந்தது கண்ணைத் திறந்துகொண்டே வருகிற தூக்கம்.

"சரி," என்றார் மோன்லோர். "எழுதுங்க கெருவெல். கழுத்து, வாட்டர்மார்க்ல உள்ளபடி. தாடி நீக்கம். ஒரு விஞ்ஞானி தன் உடம்புலயே செஞ்ச தியாகத்த மறைக்க நமக்கு என்ன உரிமை இருக்கு? நான் ஆரம்பத்துலருந்தே இதத்தான் சொல்லிட்டு வர்றேன்."

"ஆரம்பத்துலருந்தேன்னு எழுதவாங்க?"

"எழுதுங்க. ஏகமனதா. நெத்தி?"

"நெத்தி அடுத்த கூட்டத்துல," என்றார் போன்ஃபிஸ், எழுந்துகொண்டே.

அறை அரை நிமிஷத்தில் காலியானது. தாழ்வாரத்தில் அவர்கள் குரல் சாஸைப் பற்றிப் பேசியபடி தேய்ந்துபோயிற்று. சேவகர் திரும்பி வந்து ஜன்னலைச் சாத்தினார். ஓவியரை எழுப்புவதா வேண்டாமா என்று யோசித்தவர், நாற்காலியின் காலைத் தன் ஷூ நுனியால் மெல்லத் தட்டி, குழு எழுதிப்போன முடிவையும் சொன்னார்.

யூகெத் இன்னும் காப்பிக்கடையிலேயே இருந்தாள். எதிரில் முட்டைப் பொரியல் பாதி தின்று முடிந்திருந்தது.

"பேசுனியா?"

"இல்ல."

"தெரியும். என்ன ஆச்சு?"

"கழுத்து வருது. முழுசா. தாடி போயிடுச்சு."

யூகெத் முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். மார்சியால் அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் தன் வலக்கை விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டாள். இரண்டு விரல் முழுசாக நீளவில்லை.

"ஒன்பது மாசம்," என்றாள். "அந்தத் தாடிய மயிர் மயிரா ஒன்பது மாசம் வெட்டியிருக்கேன். வகிடு மட்டும் ஆறு வாரம். தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சும் அந்தத் தாளக் குடுத்தது நான்தான். என்னச் செருப்பால அடிக்கணும்."

கடைக்காரர் கேட்காமலே ஒரு கிளாஸ் சிவப்பு ஒயினைக் கொண்டுவந்து வைத்தார். மார்சியால் அதைத் தொடவில்லை.

"புதுத் தகடு," என்றாள் யூகெத். "பழசச் சுரண்ட முடியாது, ஆழமா வெட்டியாச்சு. முதல்லருந்து. பதினாலு மாசம் ஆகும். நீ வேற மறுபடி வரையணும். அதுக்குள்ள அந்தப் பேராசிரியன் நெத்திய ஏத்தச் சொல்லுவான்."

"அடுத்த கூட்டத்துல."

"சொல்லுவான்னேன்ல." முட்டையைத் தள்ளி வைத்துவிட்டு, கடையின் காகிதக் கைக்குட்டையை விரித்து, பையிலிருந்து பென்சிலை எடுத்தாள். தலைக்கு ஒரு வட்டம், அதற்குக் கீழே கழுத்துக்கு இரண்டு கோடு. "சரி, வீக்கம் எந்தப் பக்கம்?"

"அவருக்கு வலது."

"அவருக்கு வலதுன்னா பாக்கறவனுக்கு இடது. தகட்டுல எல்லாத்தயும் இடவலம் மாத்தி வெட்டணும். அப்ப எனக்கு வலது." கோட்டின் வலப்பக்கத்தில் பென்சிலை வைத்து மெதுவாக ஒரு வளைவு இழுத்தாள். "இவ்வளவா?"

மார்சியால் குனிந்து பார்த்தார். பென்சிலை அவள் கையிலிருந்து வாங்கி, அந்த வளைவுக்கு வெளியே இன்னொரு வளைவு போட்டார்.

"இவ்வளவு," என்றார்.